எல்லைக்கோட்டைப் பார்த்த ஹாஃப்பேக்: 15 வயதுக்குட்பட்டோர் ரக்பி லீக் அணி ஒன்றில் நடந்தது

பின்னணி

இந்த நிகழ்வு மேற்குச் சிட்னியில் ஓர் உள்ளூர் ரக்பி லீக் கழகத்தின் 15 வயதுக்குட்பட்டோர் அணியில் நடந்தது. ஆட்களின் பெயரோ கழகத்தின் பெயரோ இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். அந்த அணியில் தலைமைப் பயிற்சியாளருக்கு உதவியாக, ஹாஃப்பேக், ஃபைவ் எய்ட், ஹூக்கர் ஆகிய மூன்று இடங்களையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. யாருக்கும் இது சம்பள வேலை இல்லை. வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, வார இறுதியில் ஓர் ஆட்டம், அவ்வளவுதான்.

ரக்பி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 15 பேர் ஆடும் யூனியன். லீக்கில் ஓர் அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுபவர் பிடிபட்டால் அந்தப் பந்துக்காக இரு தரப்பும் குவிந்து மல்லுக்கட்டுவதில்லை. அவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட, ஆட்டம் தொடர்கிறது. இப்படிப் பிடிபடுவது ஒரு டாக்கிள், ஆறு டாக்கிள் சேர்ந்தது ஒரு செட். ஆறாவது முறையும் பிடிபட்டால் அந்த இடத்திலேயே பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். அதனால் ஐந்தாவது டாக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். யூனியனில் 9ஆம் எண்காரர் தரையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கிறார் அல்லவா, அந்த வேலை லீக்கில் ஹூக்கருடையது. 7ஆம் எண் போட்ட ஹாஃப்பேக்கின் வேலை வேறு. அடுத்த இரண்டு மூன்று டாக்கிளில் அணி மைதானத்தின் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும், அதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், கடைசியில் பந்தை எங்கே உதைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். பதினான்கு வயதுப் பையனிடம் இதைக் கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

பையனைப் பற்றி. ஆறு வயதிலிருந்து இதே கழகம். 13 வயதுக்குட்பட்டோர் அணியில் இருந்தபோது அவனைப் பிடிக்க ஆளில்லை. பந்தை வாங்கி, ஒரு காலை ஊன்றித் திசை மாற்றி ஓடினால் டிரைக்கோடு (பந்தைக் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் டிரை என்ற புள்ளி கிடைக்கும் மறுமுனைக் கோடு) வரை போய்விடுவான். அவனை ஹாஃப்பேக் ஆக்கியதற்குக் காரணமும் அதுதான்: நன்றாக ஓடுகிறவனுக்கு நிறையப் பந்து கிடைக்கட்டும் என்று. ஆட்டத்தை நடத்த அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

15 வயதுக்குட்பட்டோரில் நிலைமை மாறிவிட்டது. ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 13க்கும் 14க்கும் இடையில்தான் வேகமாக உயர்கிறார்கள், ஆனால் எல்லோரும் ஒன்றாக உயர்வதில்லை. எதிரணியில் மீசை அரும்பிய பையன்கள் வந்து நின்றார்கள். இவன் போன வருட உயரத்திலேயே நின்றான். பழைய திசை மாற்றம் இப்போதும் இருந்தது, ஆனால் அதற்குப் பின் எட்டிப் பிடிக்கும் கைகள் நீளமாகிவிட்டன.

முதல் வாரங்களில் கண்டது

போட்டிப் பருவத்துக்கு முந்தைய நட்பு ஆட்டங்களிலும் முதல் சில போட்டிகளிலும் அவன் மோசமாக ஆடினான். பாஸ் தவறவில்லை, உதை தவறவில்லை, கையும் காலும் நன்றாகவே இருந்தன. பயிற்சியில் இருபது மீட்டர் தள்ளி ஒரு குப்பைத்தொட்டியை வைத்தால் அதில் பந்தை இறக்குவான். ஆட்டத்தில் மட்டும் எல்லாமே அரை நொடி முன்னதாகவோ அரை நொடி பிந்தியோ நடந்தது.

பெற்றோர்களின் சம்மதத்தோடு எடுத்த காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது சில விஷயங்கள் தெரிந்தன. ஐந்தாவது டாக்கிளில் அவன் அடித்த நீள உதைகளில் பாதிக்கு மேல் நேராக, எல்லோருக்கும் பின்னால் நிற்கும் எதிரணி ஃபுல்பேக்கின் மார்புக்கே போயின. அவன் ஃபுல்பேக்கைக் குறிவைக்கவில்லை. அவர் எங்கே நிற்கிறார் என்றே பார்க்கவில்லை. பந்து கைக்கு வரும் வரை கண் பந்தின் மேல். வந்த பிறகு, தன்னை நோக்கி ஓடிவரும் ஆளின் மேல். அதற்கு அப்பால் இருக்கும் நாற்பது மீட்டர் புல்வெளி அவன் கண்ணில் படவே இல்லை.

இரண்டாவது, அவன் கூப்பிடுவது ஒரே சொல்தான்: "எனக்கு! எனக்கு!" ஹூக்கர் பாவம், வலதா இடதா என்று தெரியாமல் சத்தம் வந்த பக்கம் எறிவான். பக்கத்தில் நிற்கும் ஃபார்வர்டுகளுக்கு, அதாவது மோதிப் பந்தை முன்னேற்றும் பெரிய உடம்புக்காரர்களுக்கு, தாங்கள் ஓட வேண்டுமா, சும்மா நிற்க வேண்டுமா என்று தெரியாது. அதனால் நின்றுகொண்டே பந்தை வாங்கினார்கள், வாங்கிய இடத்திலேயே விழுந்தார்கள்.

மூன்றாவதைக் கவனிக்க எனக்குக் கொஞ்சம் நாளானது. ஒவ்வொரு செட்டிலும் நான்காவது டாக்கிளுக்குப் பிறகு அவன் தலை ஒரு முறை இடப்பக்கம் திரும்பும். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுவதால் வலப்பக்கம் திரும்பும். எங்கள் பெஞ்ச் இருக்கும் பக்கம்! தலைமைப் பயிற்சியாளர் அங்கிருந்து கையைக் காட்டுவார்: மேலே காட்டினால் உயர உதை, தாழக் காட்டினால் தரையோடு உதை. தண்ணீர் கொண்டு ஓடும் டிரெய்னரும் ஒவ்வொரு முறையும் ஒரு செய்தியோடுதான் உள்ளே போனார். அப்பா வேறு, மைதானத்தின் மறுபக்கத்தில் நின்று தனியாக ஓர் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார். பந்தைப் பார்த்துக்கொண்டு, மோத வருகிறவனைப் பார்த்துக்கொண்டு, பெஞ்சையும் பார்க்கிற பையனுக்கு எதிரணியின் பின்வரிசையைப் பார்க்க எந்தக் கண் மிச்சம்?

இடத்தை மாற்றுவதா

மூன்றாவது தோல்விக்குப் பிறகு பயிற்சியாளர்கள் உட்கார்ந்து பேசினோம். தலைமைப் பயிற்சியாளரின் யோசனை, அவனை மைதானத்தின் ஓரத்தில் ஆடும் விங்கிலோ ஹூக்கர் இடத்திலோ போட்டுவிட்டு, ஹாஃப்பேக்குக்குத் துணையாக ஆடும் உயரமான ஃபைவ் எய்ட் பையனை 7க்குக் கொண்டுவருவது. வாதம் நியாயமற்றது அல்ல. பாதுகாப்பிலும் அவன் ஒரு ஓட்டையாக இருந்தான்; எதிரணிகள் அவன் நிற்கும் இடத்தைத் தேடி, தங்கள் பெரிய இரண்டாம் வரிசை ஆளை (ஃபார்வர்டுகளில் ஒருவர்) அங்கேயே திரும்பத் திரும்ப ஓடவிட்டன.

மாற்றவேண்டாம் என்று முடிவெடுத்தோம். பதினான்கு வயதில் உயரத்தை வைத்து இடத்தை முடிவுசெய்தால் அது ஒரு வருடத்துக்கான முடிவுதான். அடுத்த வருடம் அவன் உயர்ந்துவிடலாம், இன்று உயரமாக இருப்பவன் அங்கேயே நின்றுவிடலாம். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ஹாஃப்பேக் ஜோனதன் தர்ஸ்டன் சிறு வயதில் மெலிந்த உடம்பு என்று ஒதுக்கப்பட்டவர். பிறகு ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கத்தை 2005, 2007, 2014, 2015 என நான்கு முறை வாங்கினார். இந்தக் கதையை எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள், உண்மையில் அது ஆறுதலுக்குத்தான் உதவும். எங்களுக்கு அதைவிடப் பொருத்தமாகப் பட்டவர் கூப்பர் குரோங்க். மெல்போர்ன் ஸ்டார்ம் அணிக்குள் வந்தபோது அவர் பல இடங்களுக்கும் மாற்றாளாக இருந்தவர். அதுவரை அந்த இடத்தில் ஆடிய மேட் ஆர்ஃபோர்ட் அணி மாறிப் போன பிறகு 2006இல்தான் நிலையான ஹாஃப்பேக் ஆனார். அதாவது ஏற்கெனவே முதல்தர ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த ஓர் ஆள், அந்த இடத்தைப் படித்துக் கற்றுக்கொண்டார். ஹாஃப்பேக் என்பது பிறவிக் குணம் என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்வது இவரைத்தான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அவனிடம் குறைவது என்ன என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பார்ப்பதும் சொல்வதும். இரண்டும் கற்றுத்தரக்கூடியவை. விங்கில் போட்டால் இரண்டையுமே அவன் கற்க மாட்டான்.

ஒரு விட்டுக்கொடுப்பும் நடந்தது. பருவத்தின் பாதியில் மறுபடி உட்கார்ந்து பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் தலைமைப் பயிற்சியாளர் சொன்னபடி மாற்றிவிடுவோம் என்று ஒப்புக்கொண்டோம்.

எல்லைக்கோட்டின் சத்தம்

முதலில் செய்தது எங்கள் வாயை மூடியது. முதல் பாதி முழுவதும் பெஞ்சிலிருந்து எந்த உத்தரவும் போகாது. டிரெய்னர் தண்ணீர் கொடுப்பார், காயம் பார்ப்பார், செய்தி சொல்ல மாட்டார். இடைவேளையில் பேசலாம். இரண்டாம் பாதியில் மிக அவசியம் என்றால் ஒரே ஒரு செய்தி. தலைமைப் பயிற்சியாளருக்கு இது பெரிய வேதனை. முதல் வாரம் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

அப்பாவிடம் பேசுவது அதைவிடக் கடினமாக இருந்தது. "கத்தாதீர்கள்" என்று சொன்னால் எந்தத் தகப்பனும் ஏற்க மாட்டார். அதனால் அவருக்கு ஒரு வேலை கொடுத்தோம். கோல் கம்பத்துக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து ஆட்டத்தைப் படம்பிடிக்க வேண்டும். இது சாக்குப்போக்கு அல்ல. பக்கத்திலிருந்து எடுத்தால் பந்து எவ்வளவு தூரம் முன்னேறியது என்று தெரியும்; பின்னாலிருந்து எடுத்தால்தான் 68 மீட்டர் அகலத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், எந்த விங்கர் முன்னால் வந்திருக்கிறான், எங்கே இடைவெளி என்று தெரியும். ஹாஃப்பேக்குக்கு வேண்டியது இந்த இரண்டாவது படம். முதல் காணொளியை எல்லோரும் உட்கார்ந்து பார்த்தபோது அதில் மிகத் தெளிவாகக் கேட்டது, படம்பிடித்தவரின் குரல்: "உதை! உதை! ஐயோ, உதைக்கச் சொன்னேனே!" பையன்கள் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அடுத்த வாரக் காணொளியில் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

முதலில் விளைவு மோசமாக இருந்தது. நான்காவது டாக்கிளில் வழக்கம்போல் தலை திரும்பியது, பெஞ்சில் யாரும் எதுவும் காட்டவில்லை, பையன் திகைத்து நின்றான். இரண்டு மூன்று செட்டுகள் உதையே இல்லாமல் ஆறாவது டாக்கிளில் பிடிபட்டு முடிந்தன. அந்த ஆட்டத்தில் பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். சில பெற்றோர் பயிற்சியாளர்கள் தூங்குகிறார்கள் என்று பேசியதும் காதில் விழுந்தது.

பார்க்கப் பழக்குவது

வெறுமனே "தலையைத் தூக்கிப் பார்" என்று சொல்வதில் பலனில்லை. எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று சொல்ல வேண்டும். மூன்றாவது டாக்கிளில் நம் ஆள் தரையில் கிடக்கும்போது ஒரே ஒரு பார்வை: ஃபுல்பேக் எங்கே, அவருக்கு எந்தப் பக்கம் புல் காலியாக இருக்கிறது. நான்காவது டாக்கிளில் இன்னொரு பார்வை: இரண்டு விங்கர்களும் வரிசையில் நிற்கிறார்களா, உதைக்குக் காத்துப் பின்னால் போய்விட்டார்களா. இவ்வளவுதான் கேட்டோம். விங்கர் வரிசையில் இருந்தால் அவருக்குப் பின்னால் மூலை காலி. பின்னால் போயிருந்தால் வரிசையில் ஓர் ஆள் குறைவு, ஓடலாம்.

உதைகளையும் இரண்டாகக் குறைத்தோம். தூரத்திலிருந்து, மூலையில் இருக்கும் காலிப் புல்லில் முதலில் தரையைத் தொடும்படி ஒரு நீள உதை. டிரைக்கோட்டுக்குப் பக்கத்தில், தரையோடு உருண்டு போகும் கிரப்பர். கிரப்பரின் இலக்கு டிரை அல்ல. பந்து டிரைக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் இன்-கோல் பகுதிக்குள் போய், அதை எடுக்கும் எதிரணி ஆள் அங்கேயே பிடிபட்டால், அவர்கள் தங்கள் கோட்டிலிருந்து, பந்தைத் தரையில் விட்டு அடிக்கும் ட்ராப் அவுட் உதைக்க வேண்டும்; பந்து பெரும்பாலும் மறுபடி நம் கைக்கு வந்துவிடும், இன்னோர் ஆறு டாக்கிள். இதைப் பையனுக்கு விளக்கியதும் அவன் முகத்தில் இருந்த பாரம் கொஞ்சம் குறைந்தது. ஒவ்வொரு உதையும் ஒரு டிரையில் முடியவேண்டும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

வானத்துக்கு உயர்த்தி அடிக்கும் பாம் உதையைத் தற்காலிகமாக நிறுத்தினோம். இதில் தலைமைப் பயிற்சியாளருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. இந்த வயதில் எதிரணி ஃபுல்பேக் உயரப் பந்தை அடிக்கடி நழுவவிடுவான், புள்ளி கிடைக்கும் என்பது அவர் வாதம். உண்மைதான். ஆனால் பாம் அடிக்க எதையும் பார்க்கத் தேவையில்லை; தலையைக் குனிந்துகொண்டு மேலே அடித்தால் போதும். பார்க்காமல் தப்பிக்க அதுதான் சுலபமான வழி என்பதால் அதை மூடினோம்.

பயிற்சியின் வடிவமும் மாறியது. முன்பு கூம்புகளை வைத்து, ஆளில்லா மைதானத்தில் ஒரே உதையை இருபது முறை அடிப்பான். இப்போது ஐந்துக்கு நான்கு, ஆறுக்கு ஆறு என்று சிறு ஆட்டங்கள். பாதுகாக்கிறவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் இரகசியமாக வேறு உத்தரவு கொடுப்பேன்: இந்தத் தடவை விங்கர் முன்னால், அடுத்த தடவை பின்னால், அதற்கடுத்த தடவை பந்து உருட்டப்படும் இடமான ரக்கின் பக்கத்தில் நிற்பவன் சோம்பலாக எழுந்திருக்க வேண்டும். பந்து கைக்கு வருவதற்கு முன் அவன் எதிரே எத்தனை பேர் என்று உரக்கச் சொல்ல வேண்டும். "நாலு!" என்று கத்துவான், மூன்று பேர் நிற்பார்கள். ஆரம்பத்தில் இப்படித்தான். பந்து நழுவுவது கூடியது, பயிற்சி பார்ப்பதற்கு அலங்கோலமாக இருந்தது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் அன்றைய பயிற்சியில் முன்னேற்றம் தெரியும். கலந்து செய்தால் அன்று தெரியாது, பிறகுதான் ஆட்டத்தில் தெரியும். உடற்பயிற்சிக் கல்வியில் இது பழைய செய்தி. ஆனாலும் வேலி ஓரமாக நின்று பார்க்கும் பெற்றோருக்கு இதைப் புரியவைப்பது லேசில்லை.

என்ன சொல்ல வேண்டும், எப்போது

ஹாஃப்பேக் பேச வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அது "இன்னும் சத்தமாகக் கத்து" என்று மட்டுமே கேட்கும். அவனுக்குச் சத்தம் குறைவில்லை, சொல்தான் இல்லை.

மூன்று துண்டாகப் பிரித்தோம்: முதலில் ஆளின் பெயர், பிறகு இடம், பிறகு வேளை. பெயரைச் சொன்னதும் அந்த ஃபார்வர்டின் தலை நிமிரும். "வலது, உள்ளே" என்றதும் கால் நகரும். "இப்போ" என்றதும் ஓடத் தொடங்குவான், பந்து அவன் ஓட்டத்துக்குள் வந்து சேரும். முதல் இரண்டு துண்டுகளையும் நம் ஆள் தரையில் கிடக்கும்போதே சொல்லி முடித்துவிட வேண்டும். பந்து பின்னால் உருண்ட பிறகு கத்துவது எவ்வளவு சத்தமாக இருந்தாலும் வீண்.

ஹூக்கரோடும் ஃபைவ் எய்டோடும் தனியாக உட்கார்ந்து ஓர் ஏற்பாடும் செய்தோம். அதுவரை 7ஆம் எண்காரன் பந்து போகும் பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தான், ஐந்தாவது டாக்கிளில் மூச்சு வாங்கியது. இனி வலப்பாதி அவனுடையது, இடப்பாதி ஃபைவ் எய்டுடையது. மறுபக்கத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் குறுக்கே போகலாம். இந்தச் சிறிய மாற்றம் அவனுக்குக் கொடுத்தது ஓய்வு மட்டும் இல்லை. இரண்டு டாக்கிள்கள் சும்மா நின்று பார்க்க நேரம் கிடைத்தது.

முழங்கால் வலி

பருவத்தின் நடுவில் வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் வலிக்கிறது என்றான். அப்போதுதான் அவன் உயர ஆரம்பித்திருந்தான். காற்சட்டை குட்டையாகிவிட்டதை அம்மா முன்பே கவனித்திருந்தார். இயன்முறை மருத்துவர் பார்த்துவிட்டு ஆஸ்குட் ஷ்லாட்டர் என்றார். வளரும் வயதில், தொடைத் தசையின் நாண் கீழ்க்கால் எலும்பில் ஒட்டும் இடத்தை அடிக்கடி இழுப்பதால் வரும் வலி. உதைப்பதும் குதிப்பதும் ஓடுவதும் அதைக் கூட்டும். பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது அடங்கிவிடும். ஆட்டத்தை முழுக்க நிறுத்தத் தேவையில்லை, ஆனால் சுமையைக் குறைக்க வேண்டும் என்பது அறிவுரை.

விசாரித்தபோது தெரிந்தது, பயிற்சி இல்லாத நாட்களிலும் பக்கத்துப் பூங்காவில் இருட்டும் வரை உதைத்துப் பழகியிருக்கிறான். நல்ல பிள்ளை, கெட்ட கணக்கு. எங்கள் பயிற்சியில் அடித்த உதைகளை மட்டும் எண்ணி, சுமை அதிகமில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சில வாரங்களுக்கு நீள உதை முழுவதும் ஃபைவ் எய்டிடம் போனது. பயிற்சியில் ஹாஃப்பேக் ஓடாமல், பந்தைத் தொடாமல், வரிசைக்குப் பின்னால் நடந்தபடி ஆட்டத்தை நடத்த வேண்டும். வாய் மட்டும்தான் அவன் கருவி. கையால் செய்துவிடலாம் என்ற வழி அடைபட்டதால், சொல்ல வேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. ஃபைவ் எய்ட் எங்கே உதைக்க வேண்டும் என்பதையும் இவனே பார்த்துச் சொன்னான். "இடது மூலை, ஃபுல்பேக் நடுவில்" என்று சொல்லிவிட்டு, பந்து அந்த மூலையில் விழுந்து துள்ளுவதைப் பார்த்த ஒரு மாலை, உதைத்தவனைவிட இவன்தான் அதிகம் குதூகலித்தான். முழங்கால் வலியை மறந்து ஒரு குதி வேறு. நாங்கள் திட்டமிட்ட எந்தப் பயிற்சியையும்விட இந்தக் கட்டாய ஓய்வு அதிகம் செய்தது என்பதே என் கணிப்பு.

பாதுகாப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹாஃப்பேக்கைப் பாதுகாப்பில் விங்கில் ஒளித்துவைப்பது பல அணிகளின் வழக்கம். நாங்கள் ஒளிக்கவில்லை, விங்கருக்கு உள்பக்கம் நிற்கும் சென்டருக்கும் இரண்டாம் வரிசை ஆளுக்கும் நடுவிலேயே நிறுத்தினோம். அவன் வேலை, ஓடிவருபவனின் தொடையில் தோளை வைத்து, கால்களைக் கட்டிப் பிடித்துக்கொள்வது. தள்ளி வீழ்த்த முயலக் கூடாது. மேலே வந்து பந்தைக் கட்டிப்போடுவது உள்பக்கத்தில் நிற்கும் இரண்டாம் வரிசை ஆளின் வேலை. தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மிகக் கண்டிப்பாகப் பழக்கினோம். ஓடிவருபவனின் உடலுக்குக் குறுக்கே தலை போனால் காயம் நிச்சயம். எதிரணிகள் அவனைத் தேடி ஓடுவதை நிறுத்தவில்லை. ஆனால் அங்கே கிடைத்த மீட்டர்கள் குறைந்தன.

ஒரு தோல்வி

பாதிப் பருவ ஆய்வு நேரத்தில் அவனுக்கு முழங்கால் வலி இருந்ததால் அதைத் தள்ளிப்போட்டிருந்தோம். அவன் மறுபடி உதைக்கத் தொடங்கிய பிறகு வந்த ஓர் ஆட்டம்தான் அந்த முடிவை எங்களுக்காக எடுத்தது.

புள்ளிகள் சமம், நேரம் சில நிமிடங்களே. எதிரணியின் டிரைக்கோட்டிலிருந்து முப்பது மீட்டருக்குள், மைதானத்தின் வலப்பக்கமாக எங்கள் ஆள் பிடிபட்டான். நான்காவது டாக்கிள். எல்லைக்கோட்டில் நின்ற பெற்றோர்கள் எல்லோரும் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோல் கேட்டுக் கத்தினார்கள், ஒரு புள்ளி போதுமே. பெஞ்ச் வாய் திறக்கவில்லை. பையனின் தலை எங்கள் பக்கம் திரும்பவில்லை, மூலையைப் பார்த்தது. இரண்டு பெயர்களைச் சொன்னான், கையால், எல்லைக்கோட்டை ஒட்டிய குறுகிய பக்கத்தைக் காட்டினான். பந்தை வாங்கி இரண்டு எட்டு நேராக ஓடி, பாதுகாப்பு ஆளைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, இரண்டாம் வரிசை ஆளுக்குக் கொடுத்தான். அங்கிருந்து விங்கருக்கு. விங்கருக்கு முன்னால் ஒருவருமில்லை. பாஸ் கொஞ்சம் பின்தங்கி இடுப்புப் பக்கம் வந்தது, கையில் பட்டு முன்னால் விழுந்தது. எதிரணிக்குப் பந்து, மறுமுனையில் எங்கள் மேல் ஒரு பெனால்டி, இரண்டு புள்ளியில் தோல்வி.

ஆட்டம் முடிந்ததும் அவனிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என்ன பார்த்தாய்?"

"விங்கர் உதைக்குன்னு பின்னால போயிட்டான். அங்க ரெண்டு பேர்தான். நாம மூணு பேர்."

காணொளியில் அச்சாக அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாங்கள் வைத்திருந்த தாளில் பார்த்தது, தேர்ந்தது, செய்தது என்று மூன்று பத்திகள் உண்டு. முதல் இரண்டிலும் சரி போட்டோம், மூன்றாவதில் தவறு. அதுவும் அவன் கையிலிருந்து போன பாஸ் அல்ல. தலைமைப் பயிற்சியாளர் எதுவும் பேசாமல் தாளைப் பார்த்தார். அடுத்த பயிற்சியில் இரண்டாம் வரிசை ஆட்களை ஓடியபடி பாஸ் கொடுக்கப் பழக்கினார். இடமாற்றப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

பருவத்தின் முடிவு

அணி பட்டியலின் நடுவில் முடித்தது. கடைசி வாரங்களில் ஜெயித்தவையும் உண்டு, தோற்றவையும் உண்டு. நீள உதைகள் ஃபுல்பேக்கிடம் நேராகப் போவது அரிதாகிவிட்டது. கிரப்பர் உதைத்து ட்ராப் அவுட் வாங்கும் பழக்கம் அணிக்கே வந்துவிட்டது. நீல நிறக் குப்பித் தண்ணீரோடு ஓடும் டிரெய்னர்கூட அதற்குக் கைதட்டினார். தனியாக ஓடி அவன் போட்ட டிரைகள் போன வருடங்களைவிட மிகக் குறைவு. பாட்டிக்கு இது வருத்தம் என்று அம்மா சொன்னார்.

மாவட்ட வளர்ச்சி அணித் தேர்வுக்கு அவன் போனான், தேர்வாகவில்லை. எழுத்தில் காரணம் எதுவும் வரவில்லை. தேர்வானவர்கள் எல்லோரும் அவனைவிடத் தலையளவு உயரம். எங்கள் அணியிலிருந்து அழைப்பு வந்தது ஃபைவ் எய்டுக்கு. முழங்கால் வலி வாரங்களில் நீள உதைகளை எல்லாம் எடுத்துக்கொண்டவன் அவன்தான், அந்த உதையைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். ஒருவனை வளர்க்கப் போட்ட திட்டத்தில் இன்னொருவனுக்கு வாய்ப்பு வந்ததை எப்படிக் கணக்கில் வைப்பது என்று எங்களுக்குள் இன்றும் பேச்சு உண்டு. நான் அதை லாபத்தில்தான் வைக்கிறேன். ஹாஃப்பேக்கின் அப்பா அப்படி நினைக்கவில்லை. இரண்டு வாரம் படம்பிடிக்க வரவில்லை, பிறகு வந்தார்.

அடுத்த பருவத்தில் மாற்றியவை

பெஞ்ச் பேசக் கூடாது என்ற விதி இப்போது நட்பு ஆட்டங்களிலேயே தொடங்குகிறது. புள்ளிக்கு ஆடும் போட்டியின் நடுவில் திடீரென்று கையை எடுத்துக்கொண்டது பையனுக்கும் அணிக்கும் தேவையில்லாத பாரம். பெற்றோர் கூட்டத்திலும் அதைப் பருவத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறோம், காரணத்தோடு. சத்தம் போடலாம், பாராட்டலாம், உத்தரவு மட்டும் வேண்டாம் என்பது ஏற்பாடு. ஓரளவுக்கு நடக்கிறது.

உதைக்கும் பிள்ளைகளிடம் வாரத் தொடக்கத்தில், கழகத்துக்கு வெளியே எத்தனை நாள் உதைத்தாய், எங்காவது வலிக்கிறதா என்று கேட்கிறோம். பள்ளி அணி, பூங்கா, வேறு விளையாட்டு எல்லாம் இதில் சேரும். பதில்கள் முழுக்க உண்மையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்பது தெரிந்தால் அம்மாக்கள் கவனிக்கிறார்கள்.

நட்பு ஆட்டங்களில் விரும்பும் எல்லோரும் ஒரு முறையாவது 7ஆம் எண்ணைப் போட்டு ஆடுகிறார்கள். முன்வரிசையில் மோதும் ப்ராப் பையன் ஒருவன் அதில் ஆடிவிட்டு வந்து, இவ்வளவு பேசணுமா என்று கேட்டான். அதன் பிறகு அவன் பெயரைக் கூப்பிட்டால் முன்பைவிடச் சீக்கிரம் நிமிர்கிறான்.

பையன் 16 வயதுக்குட்பட்டோர் அணியில் இப்போதும் ஹாஃப்பேக்தான், வலி இல்லை, கொஞ்சம் உயர்ந்திருக்கிறான். பாம் உதைக்கான தடையைப் பருவத் தொடக்கத்தில் எடுத்துவிட்டோம். அதைச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் தலைமைப் பயிற்சியாளரே சொல்லித்தருகிறார், ஒரு நிபந்தனையோடு: அடிப்பதற்கு முன் ஃபுல்பேக் எந்தத் தோள் பக்கம் சாய்ந்து நிற்கிறான் என்று உரக்கச் சொல்ல வேண்டும்.